எதிர்ப்பொருள் கீழே விழுமா? அளந்து பார்த்துச் சொல்வோம்!



கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து கீழே கொட்டுகிறது. மரத்தில் பழுத்த பலாப்பழம் காம்பு விட்டால் கீழே விழுகிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முக்கி முனகி ஏறுகிறதே, அதுவும் இதே புவியீர்ப்பை எதிர்த்துத்தான். மேல்நோக்கி விழுந்த பலாப்பழத்தை இதுவரை எவரும் கண்டதில்லை.

சரி, எதிர்ப்பொருளால் ஆன ஒரு பலாப்பழம் இருந்தால் அது எந்தப் பக்கம் விழும்?

"இதென்ன கேள்வி? அதுவும் கீழேதான் விழும்" என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? உலகின் பெரும்பாலான பௌதிக விஞ்ஞானிகளும் அப்படித்தான் எண்ணினார்கள். எண்ணினார்களே தவிர, எவரும் போட்டுப் பார்த்ததில்லை. எதிர்ப்பொருளை மனிதன் முதன்முதலில் கண்டது 1932இல். அது கீழே விழுவதை நேரடியாகக் கண்டு உறுதி செய்தது 2023இல். இடையில் 91 ஆண்டுகள்!

விடை எல்லோருக்கும் "தெரிந்த" ஒரு கேள்விக்காக இத்தனை ஆண்டு உழைப்பு தேவையா? தேவை என்பதே என் கருத்து. அது மட்டுமல்ல, அந்த விஞ்ஞானிகள் தமக்குக் கிடைத்த விடையை எப்படி எழுதினார்கள் என்பதில் நம் பள்ளி, கல்லூரிப் பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எதிர்ப்பொருள் என்பது என்ன?

1928இல் பால் டிராக் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி எலெக்ட்ரானுக்காக ஒரு சமன்பாட்டை எழுதினார். அந்தச் சமன்பாட்டின் உட்பொருளை ஆராய்ந்தபோது, எலெக்ட்ரானைப் போன்றே நிறையும் அதற்கு நேர்மாறான மின்னூட்டமும் கொண்ட ஒரு துகள் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1932இல் அமெரிக்காவில் கார்ல் ஆண்டர்சன், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் படம் பிடித்தபோது அந்தத் துகள் சிக்கியது. அதுதான் பாசிட்ரான். 1955இல் எதிர் புரோட்டானும் கண்டுபிடிக்கப்பட்டது.

பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஆற்றலாக மாறிவிடும். ஆகவே எதிர்ப்பொருளைக் கிண்ணத்தில் வைக்க முடியாது. கிண்ணமே பொருள்தானே!

இது எங்கோ தூரத்தில் உள்ள விந்தை என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளங்கையை விரித்து வானை நோக்கி நீட்டுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு மியூவான் துகள்கள் அதன் வழியே பாய்ந்து செல்கின்றன. அவற்றில் பாதிக்குச் சற்று அதிகமானவை நேர் மின்னூட்டம் கொண்டவை. அவை எதிர்த்துகள்கள்! ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இந்த மியூவான்களைத்தான் இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறது. இன்னும் அருகில் வேண்டுமா? கொல்லிமலை வாழைப்பழம் ஒன்றைக் கையில் எடுங்கள். அதிலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உடையது. அதிலிருந்து ஒரு நாளில் பத்து இருபது பாசிட்ரான்கள் பிறந்து, பிறந்த கணமே அழிகின்றன. பழத்தைத் தயங்காமல் உண்ணலாம். அதனால் ஒரு தீங்கும் இல்லை.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

எல்லாப் பொருள்களும் ஒரே முடுக்கத்துடன் விழுகின்றன என்பது கலிலியோ காலத்துச் செய்தி. இந்த ஒரு செய்தியின் மேல்தான் ஐன்ஸ்டீன் தமது பொதுச் சார்புக் கொள்கை என்னும் மாளிகையை எழுப்பினார். அஸ்திவாரம் உறுதியாக இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் அந்தப் பணி நடந்தது. 1980களின் இறுதியில், 'ஐந்தாவது விசை' ஒன்று இருக்கலாம் என்று உலகெங்கும் பேச்சு எழுந்தது. அப்போது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கௌசிக்கும் அவருடைய குழுவினரும் கர்நாடகத்தில் உள்ள கௌரிபிதனூரில், தரைக்கு அடியில் ஒரு முறுக்குத் தராசை அமைத்தார்கள். வெவ்வேறு பொருள்கள் சிறிதேனும் வேறுபட்டு இழுக்கப்படுகின்றனவா என்று தேடினார்கள். அப்படி ஒரு விசை தென்படவில்லை. பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் செலுத்திய மைக்ராஸ்கோப் என்னும் செயற்கைக்கோள், டைட்டானியத்தையும் பிளாட்டினத்தையும் விண்ணில் ஒப்பிட்டது. அதன் இறுதி முடிவு 2022இல் வெளிவந்தது. ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு அளவுக்குக்கூட வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் இதைக் கவனியுங்கள். டைட்டானியம், பிளாட்டினம், பலாப்பழம், அருவி நீர் எல்லாமே பொருள். எதிர்ப்பொருளை எந்தத் தராசிலும் எவரும் வைத்துப் பார்க்கவில்லை. பிரபஞ்சம் தோன்றியபோது பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் தோன்றியிருக்க வேண்டும் என்கிறார்கள். இன்று நம்மைச் சுற்றி எங்கும் பொருளே இருக்கிறது. எதிர்ப்பொருள் எங்கே போயிற்று? ஒருவேளை பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுமோ என்று சிலர் ஐயுற்றார்கள். அந்த ஐயத்தைப் பேச்சால் தீர்க்க முடியாது. சோதனையால்தான் தீர்க்க முடியும்.

ஒரு துகளைக் கீழே போடுவது ஏன் இத்தனை கடினம்?

பாசிட்ரானை எடுத்துக் கீழே போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஓர் எலெக்ட்ரானைப் பூமி இழுக்கும் விசை எவ்வளவு? 5 மீட்டர் தொலைவில் இருக்கும் மற்றோர் எலெக்ட்ரான் அதைத் தள்ளும் மின்விசை எவ்வளவோ அவ்வளவுதான்! உங்கள் வகுப்பறையின் மறுகோடியில் இருக்கும் ஒரே ஓர் எலெக்ட்ரான், இந்தப் பெரிய பூமி முழுவதற்கும் சமமாக நிற்கிறது. குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் சில மின்னூட்டங்கள் போதும், புவியீர்ப்பின் சுவடே தெரியாமல் மறைத்துவிடும். 1967இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விட்போர்ன், ஃபேர்பாங்க் என்ற இருவர் எலெக்ட்ரானை வைத்து இந்த முயற்சியில் இறங்கினார்கள். அடுத்தபடியாகப் பாசிட்ரானை விழச்செய்வது அவர்கள் நோக்கம். அது கைகூடவே இல்லை.

அப்படியானால் மின்னூட்டமே இல்லாத எதிர்ப்பொருள் வேண்டும். எதிர் புரோட்டான் ஒன்று, பாசிட்ரான் ஒன்று, இரண்டையும் சேர்த்தால் எதிர் ஹைட்ரஜன் அணு. ஜெனிவா நகரின் அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் 1995இல் முதன்முதலாக ஒன்பது எதிர் ஹைட்ரஜன் அணுக்கள் உண்டாக்கப்பட்டன. அவை ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் பறந்து அழிந்தன. மெதுவாக நகரும் அணுக்கள் 2002இல் கிடைத்தன. 2010இல் ஆல்ஃபா என்னும் குழு 38 அணுக்களைக் காந்தப் பொறியில் பிடித்தது. அப்போது ஒரு விநாடி நேரம்கூட அவற்றை வைத்திருந்து காட்ட முடியவில்லை. மறு ஆண்டே அந்த நேரம் 1000 விநாடியாக உயர்ந்தது.

2013இல் அதே குழு புவியீர்ப்பைப் பற்றித் தன் முதல் அளவீட்டை வெளியிட்டது. முடிவு என்ன தெரியுமா? எதிர் ஹைட்ரஜன் கீழே விழுவதாக இருந்தால், சாதாரணப் பொருளைப்போல் 110 மடங்குக்கு மேல் இழுக்கப்படவில்லை. மேலே எழுவதாக இருந்தால், 65 மடங்குக்கு மேல் தள்ளப்படவில்லை. அவ்வளவுதான்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவர்களால் அன்று உறுதியாகச் சொல்ல முடிந்தது அவ்வளவே. அதை அப்படியே அச்சிட்டார்கள்.

ஏரியும் இரண்டு கலிங்குகளும்

பிறகு ஆல்ஃபா-ஜி என்னும் புதிய கருவி வந்தது. நிமிர்த்தி நிறுத்திய ஒரு நீண்ட குழாய். அதன் உள்ளே காந்தப் புலங்களால் ஆன ஒரு கூடு. எதிர் ஹைட்ரஜன் அணு ஒரு மிகச் சிறிய காந்தம் போன்றது. ஆகவே காந்தப் புலம் வலுவாக உள்ள இடத்தைக் கண்டு அது திரும்பிவிடும். மேலே ஒரு காந்த மூடி, கீழே ஒரு காந்த மூடி. இரண்டுக்கும் இடையே சுமார் 25 சென்டிமீட்டர்.

அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு அரை டிகிரி மேலே வரை குளிர்வித்தாலும் அவை விநாடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் பாய்ந்து மோதிக்கொண்டிருக்கும். இந்தப் பாய்ச்சலின் முன்னே 25 சென்டிமீட்டர் உயரத்துப் புவியீர்ப்பு ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை எப்படிக் கண்டறிவது?

நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கு இரண்டு கலிங்குகள். இரண்டையும் பலகை போட்டு அடைத்திருக்கிறோம். பலகைகளை இரண்டிலும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் மெல்ல மெல்ல எடுக்கிறோம். எந்தக் கலிங்கின் தளம் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கிறதோ அந்த வழியாகத்தான் நீர் அதிகமாக வெளியேறும். ஏரியின் ஆழம் எத்தனை அடி என்பது முக்கியமல்ல. அந்த ஓர் அங்குல வேறுபாடே முடிவு செய்கிறது. அதேபோல் இரண்டு காந்த மூடிகளையும் 20 விநாடிகளில் மெல்லத் தளர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் சுமார் நூறு அணுக்கள். வெளியேறும் அணு குழாய்ச் சுவரில் பட்டு அழியும்போது, அது எந்த இடத்தில் அழிந்தது என்பதைச் சுற்றியுள்ள கருவிகள் குறித்துக்கொள்ளும்.

இதோடு நிற்கவில்லை. மளிகைக் கடைக்காரர் தராசில் படிக்கற்களை மாற்றி மாற்றி வைப்பதுபோல், மேல் மூடிக்கும் கீழ் மூடிக்கும் இடையே சிறு காந்த வேறுபாட்டை வேண்டுமென்றே வைத்துப் பார்த்தார்கள். சுமார் நாலரை காஸ் வேறுபாடு புவியீர்ப்புக்குச் சரியான எடைக்கல். அந்த எடைக்கல்லை மேலும் கீழுமாகப் பல அளவுகளில் வைத்து, எப்போது இரு பக்கமும் சமமாக அணுக்கள் வெளியேறுகின்றன என்று தேடினார்கள்.

எடைக்கல் எதுவும் வைக்காதபோது, சாதாரண ஹைட்ரஜனாக இருந்தால் ஏறக்குறைய 80 சதவீதம் கீழேயும் 20 சதவீதம் மேலேயும் போகும் என்பது கணிப்பொறிக் கணக்கு. எதிர் ஹைட்ரஜனும் அதற்கு ஒத்தே நடந்துகொண்டது. 2023 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது. எதிர்ப்பொருள் கீழேதான் விழுகிறது!

0.75 சொல்லும் பாடம்

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் அளந்த முடுக்கம் எவ்வளவு? சாதாரணப் புவியீர்ப்பு முடுக்கத்தை 1 என்று கொண்டால், அவர்களுக்குக் கிடைத்தது 0.75. அதனுடன் இரண்டு பிழை அளவுகள்: அளவீட்டினால் வரும் பிழை 0.13, கணிப்பொறி மாதிரியினால் வரும் பிழை 0.16.

விடை 1 ஆகத்தான் இருக்கும் என்று அந்தக் குழுவினர் அனைவருக்கும் நல்ல நம்பிக்கை உண்டு. 0.75 என்பதைச் சற்றே 'சரிசெய்து' 0.98 என்று எழுதியிருந்தால் யாருக்கும் ஆச்சரியம் ஏற்பட்டிருக்காது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கிடைத்ததை எழுதினார்கள். பிழையின் அளவையும் எழுதினார்கள். அந்தப் பிழைகளை மனத்தில் கொண்டு பார்த்தால் 1 என்ற மதிப்பு விலக்கப்படவில்லை என்பது தெரிகிறது. மேல்நோக்கி எழும் என்ற கருத்து மட்டும் அடியோடு விலக்கப்பட்டுவிட்டது. இதற்கு மேல் இந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை. சொல்வதாகப் பாவனையும் செய்யவில்லை.

இனி நம் பரிசோதனைக் கூடத்துக்கு வாருங்கள். தனி ஊசல் பரிசோதனை. நூலில் குண்டைத் தொங்கவிட்டு, அலைவு நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறிய வேண்டும். பல ஆண்டுகளாகச் செய்முறைத் தேர்வுகளில் நான் காண்பது என்ன? எல்லா ரெக்கார்டு நோட்டுகளிலும் 980! ஒருவருக்கு 979.6, மற்றவருக்கு 980.3. ஊசலை நெருங்காத மாணவருக்கும் 980. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அலைவு நேரத்தை எழுதிக்கொள்கிறார்கள். மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 980 வந்தால்தான் மதிப்பெண் என்று பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தமிழ்நாட்டில் புவியீர்ப்பு முடுக்கம் 980 அல்லவே அல்ல! பூமி சுழல்வதாலும் நடுவில் பருத்திருப்பதாலும் இந்த மதிப்பு நில நடுக்கோட்டின் அருகே குறைவாகவும் துருவங்களில் அதிகமாகவும் இருக்கிறது. 980.665 என்பது உலகப் பொதுவுக்காக ஒப்புக்கொண்ட மதிப்பு. நாமக்கல், சேலம் பகுதிகளில் உண்மை மதிப்பு விநாடிக்கு விநாடி 978 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். ஆகவே 978 கிடைத்து, அதை அழித்துவிட்டு 980 என்று எழுதும் மாணவன் சரியான விடையைத் தவறான விடையாகத் திருத்துகிறான்!

இதே வேறுபாடுதான் ஒரு காலத்தில் உலகை வியக்க வைத்தது. 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர், பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் தென் அமெரிக்காவின் கயேன் தீவில் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடுவதைக் கண்டார். "கடிகாரத்தில் ஏதோ கோளாறு" என்று அவர் எண்ணை மாற்றி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் கண்டதை எழுதினார். பூமி முழு உருண்டை அல்ல என்று நியூட்டன் வாதிட அது சான்றாயிற்று. சென்னையிலும் 1821இல் வானாய்வுக் கூடத்தின் ஜான் கோல்டிங்காம் ஊசலை ஆட்டி மிகக் கவனமாக அளந்திருக்கிறார். 978ஐக் கண்டறிவது நம் மண்ணுக்குப் புதிதல்ல.

நீங்கள் செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். கனமான குண்டு, நீளாத நூல். வீச்சு மிகச் சிறிதாக இருக்கட்டும். 100 அலைவுகளுக்கு முடுக்கம் 980 ஆனால் ஏறக்குறைய 200.7 விநாடி ஆகும், 978 ஆனால் 200.9 விநாடி. வேறுபாடு 0.2 விநாடிதான். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் உங்கள் விரலின் தாமதமே அவ்வளவு இருக்கும். ஆகவே 500 அலைவுகள் எண்ணுங்கள். வேறுபாடு ஒரு விநாடி ஆகிவிடும். நீளத்தை அரை மில்லிமீட்டருக்குள் துல்லியமாக அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடையில் ஒரு சென்டிமீட்டர் தவறும். பொறுமை இருந்தால் 980ஐயும் 978ஐயும் உங்களால் பிரித்துக் காட்ட முடியும்.

அடுத்து, மலை அடிவாரத்திலும் மலை உச்சியிலும் அளந்தால் வேறுபாடு தெரியுமா? 1000 மீட்டர் ஏறினால் முடுக்கம் 0.2 முதல் 0.3 சென்டிமீட்டர் வரைதான் குறையும். அடிவாரத்தில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம் செம்மேட்டில் ஒரு நாளைக்குப் பத்து விநாடிபோலப் பின்தங்கும். மலைக் குளிரில் ஊசல் கம்பி சுருங்குவது அதையும் சற்றுக் குழப்பும். நூலும் குண்டும் கொண்டு இதைக் காண இயலாது. "வேறுபாடு எங்கள் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிட்டது" என்று எழுதும் மாணவிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். மலை உச்சியில் துல்லியமாக 0.3 குறைந்ததாக எழுதுபவரைக் கூப்பிட்டு விசாரிப்பேன்.

இதனால் நமக்கு என்ன பயன்?

கொல்லிமலையில் ஒரு பள்ளியில் இந்தச் செய்தியைச் சொன்னபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "இதனால் எங்கள் ஊருக்கு என்ன சார் பயன்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எதிர்ப்பொருளால் பயன் உண்டு. புற்றுநோயைக் கண்டறியும் 'பெட்' ஸ்கேன், பாசிட்ரானைக் கொண்டே இயங்குகிறது. நம் மாநில மருத்துவமனைகளிலும் அது இருக்கிறது. ஆனால் எதிர் ஹைட்ரஜன் கீழே விழுகிறது என்று அறிந்ததால் மிளகு விலை உயரப்போவதில்லை. அப்படி உயரும் என்று சொன்னால் அது பொய்.

பயன் வேறிடத்தில் இருக்கிறது. "எல்லோருக்கும் தெரியும்", "பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்", "புத்தகத்தில் இருக்கிறது" என்ற மூன்று வார்த்தைகளுக்கும் அப்பால், "யார் அளந்தார்கள்? எப்படி அளந்தார்கள்? பிழை எவ்வளவு?" என்று கேட்கும் பழக்கம் அது. அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம் என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றும் கூட்டத்தைப் பற்றிச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். ஏமாந்தவர்களில் படித்தவர்களும் உண்டு. பள்ளியில் விடையைப் பார்த்து அளவீட்டை எழுதிப் பழகியவர், வெளியே வந்து எதை அளந்து பார்ப்பார்?

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் விடைக்கு மதிப்பெண் கொடுப்பதைக் குறைத்து, அளவீட்டுக்கும் பிழைக் கணக்குக்கும் கொடுங்கள். "அப்படிச் செய்தால் மாணவர்கள் வாய்க்கு வந்த எண்ணை எழுதுவார்கள்" என்று சொல்வீர்கள். எழுதட்டுமே! எந்த எண்ணை எழுதினாலும் அதற்குப் பிழை எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது என்று விளக்கச் சொல்லுங்கள். ஊசலை ஆட்டாதவரால் அதை விளக்க முடியாது.

செர்னில் வேலை முடிந்துவிடவில்லை. 0.75இல் உள்ள ஐயத்தைக் குறைப்பதற்காக அணுக்களை லேசர் ஒளியால் இன்னும் குளிர்விக்கும் முறை வந்திருக்கிறது. வேறு குழுக்களும் வேறு வழிகளில் முயல்கின்றன. எதிர்ப்பொருள் விழும் முடுக்கம் சரியாக 1தானா, அல்லது நூற்றில் ஒரு பங்கு மாறுகிறதா? அதை அளக்கப்போகிறவர்களில் இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒருவரும் இருக்கலாம்.

அதற்கான பயிற்சியை நாளைக்கே தொடங்கலாம். ஊசலை ஆட்டுங்கள். எண்ணுங்கள். கிடைத்த எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். ரப்பரைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.